ஆதாயமும் விரயமும்

சித்திரை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே அப்பா புதுப் பஞ்சாங்கம் வாங்கி வந்துவிடுவார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சுவாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்த பிறகு முதலில் அவர் திருப்புவது ஆதாய விரயப் பக்கத்தைத்தான். எங்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன ராசியோ, அவரவருக்கு அந்த வருடம் வரவு எத்தனை, செலவு எத்தனை என்று வாசிப்பார். அதிலும் விரயத்தைத்தான் முதலில் படிப்பார். "வரவு வந்தா வரட்டும், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண வேண்டாம். செலவுக்குத்தான் முன்கூட்டியே தயாரா இருக்கணும்" என்பார்.

எனக்கு அந்தப் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் விட்டுப்போய்விட்டது. வேறொரு பஞ்சாங்கம் பார்க்கிறேன். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு இப்போதெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் மாதத்தில், புதுப் பதிப்பு வருகிறது. அத்துடன் 'புதியது என்ன' என்று ஒரு நீண்ட குறிப்பும் வரும். காலைக் காபியுடன் உட்கார்ந்து அதை முழுதாகப் படித்துவிடுவேன். ரிட்டயர் ஆன மனிதனுக்கு இது என்ன பொழுதுபோக்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்பாவைப் போலவே நானும் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் தொடங்குகிறேன். நீக்கப்பட்டவை, இனி நீக்கப்படப்போகிறவை, பழைய புரோகிராமை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கம்ப்யூட்டர் பக்கம் போகாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் மொழியும் ஒரு மொழிதான். அதற்கும் இலக்கணம் உண்டு. ஆனால் நம் தமிழில் யாரும் ஒரு திங்கட்கிழமை காலை எழுந்து, "இன்று முதல் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள்" என்று உத்தரவு போட முடியாது. கம்ப்யூட்டர் மொழியில் அது நடக்கும். நேற்று வரை எழுதி வைத்த புரோகிராம்கள் எல்லாம் நேற்றைய பொருளில் எழுதப்பட்டவை. ஆகவே புதுப் பதிப்பு வெளியிடுகிறவர்கள் எது மாறியது என்று எழுதி வைக்கக் கடமைப்பட்டவர்கள். அந்த எழுத்து வேலையைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன். அதில் நான் செய்த ஒரு தவறையும்.

நான் படித்த மாறுதல் குறிப்புகளில் எனக்குப் பெரிய மரியாதை உள்ளது பைத்தான் 3.0-க்கு எழுதப்பட்ட குறிப்பின் மேல். 2008 டிசம்பர் 3-ஆம் தேதி அந்தப் பதிப்பு வெளிவந்தது. 2.0 முதல் 2.7 வரையிலான குறிப்புகளைப் பெரும்பாலும் எழுதியவர் ஆண்ட்ரூ குச்லிங் என்பவர். 3.0-க்கு மட்டும் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் தாமே உட்கார்ந்து எழுதினார். காரணம், பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே வெளியிட்ட பதிப்பு அது. கல்யாணப் பத்திரிகையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து அனுப்பலாம். கடன் தவணை தள்ளிப்போகிறது என்றால் நாமே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்தக் குறிப்பின் தொடக்கத்தில் புதிய வசதிகளின் பட்டியலைத் தேடினால் கிடைக்காது. மக்கள் பொதுவாக எங்கே தடுக்கி விழுவார்கள் என்ற பகுதிதான் முதலில் வருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. புதுப் பதிப்பு ஒரு வேகச் சோதனையில் 2.5 பதிப்பைவிடச் சுமார் 10 சதவீதம் மெதுவாக ஓடுகிறது என்று அதிலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். புதுச் சரக்கு விற்கிறவர், அது பழையதைவிட மெதுவானது என்று தாமே சீட்டு எழுதி ஒட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாறுதல்களில் இரண்டு வகை உண்டு. சத்தம் போட்டு உடைவது ஒன்று. பைத்தானில் எதையாவது திரையில் காட்ட 'பிரிண்ட்' என்று எழுத வேண்டும். 2-இல் அதற்கு அடைப்புக்குறி தேவையில்லை, 3-இல் கட்டாயம். பழையபடி எழுதினால் புரோகிராம் முதல் வரியிலேயே நின்று தவறைச் சொல்லிவிடும். எரிச்சல்தான், ஆனால் ஆபத்து இல்லை. திருத்திக்கொண்டு போய்விடலாம்.

இன்னொரு வகை, சத்தமே இல்லாமல் மாறுவது. புரோகிராம் ஓடும், தவறு என்று எதுவும் வராது, விடை மட்டும் வேறாக இருக்கும். 7-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 2 சொன்ன விடை 3. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியைத் தள்ளிவிட்டு முழு எண்ணே தரும். பைத்தான் 3 சொல்வது 3.5. நியாயமான விடை இதுதான், ஆனால் பழைய விடையை நம்பி எழுதிய புரோகிராம்கள் எத்தனை இருக்கும்! இதை அவர்கள் ஒரே நாளில் மாற்றவில்லை. 2001-இல் வந்த 2.2 பதிப்பிலேயே பழைய மாதிரி வகுக்க இரட்டைச் சாய்கோடு என்று தனிக் குறி கொடுத்து, புதிய முறையை விரும்புகிறவர்கள் இப்போதே பழகிக்கொள்ளலாம் என்று வழியும் வைத்து, ஏழு வருடம் பொறுத்த பிறகுதான் மாற்றினார்கள்.

இந்த இரண்டாவது வகை என் வீட்டு வாசலுக்கே ஒரு முறை வந்தது. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான் ஒரு சின்ன கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். தண்ணீர் லாரிச் செலவை 24 வீட்டுக்கும் பிரித்து, பைசா வராமல் ரூபாயாக்கிப் பட்டியல் போடும். பைத்தான் 2-இல் எழுதியது. 2020 ஜனவரி 1 முதல் அந்தப் பதிப்புக்கு ஆதரவு கிடையாது என்று அறிவித்துவிட்டதால், அந்த மாதம் 3-க்கு மாற்ற உட்கார்ந்தேன். மாற்றுவதற்கு முன் 3.0 குறிப்பை மறுபடி முழுக்கப் படித்தேன். பின்பகுதியில், சில்லறை மாற்றங்களோடு ஒன்றாக, ஒரு வரி. எண்ணை முழுமையாக்கும்போது சரிபாதியாக நிற்கும் எண் இனி பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும் என்பது அதன் பொருள்.

அதாவது லாரிச் செலவு 2,700 ரூபாய் என்றால் வீட்டுக்கு 112.50. பைத்தான் 2 அதை 113 ஆக்கும். பைத்தான் 3 அதை 112 ஆக்கும். 112 இரட்டை எண் என்பதால். 113.50 வந்தால் இரண்டுமே 114 என்றுதான் சொல்லும். பாதியை எப்போதும் மேலேயே தள்ளிக்கொண்டிருந்தால் நீண்ட கணக்கில் தொகை ஒரே பக்கம் சாய்ந்துவிடும். பாதிக்குப் பாதி மேலும் கீழும் போனால் சமனாகும். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் 113 வீதம் வசூலித்தால் சங்கத்தின் கையில் 12 ரூபாய் மிஞ்சும், 112 வீதம் என்றால் 12 ரூபாய் குறையும். எங்கள் பொருளாளர் 12 ரூபாய்க்கு இரண்டு கூட்டம் போடக்கூடியவர். அந்த ஒரு வரி என்னைக் காப்பாற்றியது. பழைய வழக்கப்படியே மேலே தள்ளும்படி புரோகிராமில் இரண்டு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு 3.0-இன் பெரிய ஆதாயம் வேறு இடத்தில் இருந்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தான் 2-ஐக் கேட்டால், யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்த சொல்லுக்கு 15 என்று சொல்லும். நம் எழுத்துகளை அது எழுத்தாகப் பார்க்கவில்லை. சேமித்து வைத்த பைட்டுகளை எண்ணியது. பைத்தான் 3-ஐக் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. நம் வாத்தியார் 3 என்பார். இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை என்றாலும், 15-இலிருந்து 5-க்கு வந்தது பெரிய வழி. எழுத்து வேறு, அதைச் சேமிக்கும் பைட்டு வேறு என்று மொழி திட்டவட்டமாகப் பிரித்ததும் அந்தத் தடுக்கி விழும் இடங்களின் பட்டியலில்தான் இருந்தது. ஆதாயமும் விரயமும் ஒரே வரியில் வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் இவ்வளவு ரசித்துப் படிக்கிறவனுக்கு, தன் கையால் எழுதிய ஒரு குறிப்பு மட்டும் நாற்பது வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

1984. நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதிது ஒன்று வைத்தார்கள். பழையது பஞ்ச் கார்டு தின்னும் மெஷின். 80 பத்தி கொண்ட அட்டையில் துளை போட்டுக் கட்டுக் கட்டாகக் கொடுக்க வேண்டும். புதியதில் திரையும் விசைப்பலகையும். மெஷினோடு மொழியும் மாறியது. அதுவரை ஃபோர்ட்ரான் 4. இனி ஃபோர்ட்ரான் 77.

ஃபோர்ட்ரான் மிகப் பழைய மொழி. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்டது. 1966-இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் அதற்கு ஒரு தரநிலை வகுத்தது. அடுத்த தரநிலைதான் 77. பெயர் 77 என்றாலும் ஒப்புதல் கிடைத்தது 1978-இல். அதில் வந்த வசதிகள் எங்களுக்கெல்லாம் தீபாவளி மாதிரி இருந்தன. அதுவரை ஒரு நிபந்தனை எழுத வேண்டுமானால் அந்த எண்ணுக்குப் போ, இந்த எண்ணுக்குப் போ என்று புரோகிராம் முழுக்கத் தாவ வேண்டும். இப்போது 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று ஒழுங்காக எழுதலாம். பெயர், முகவரி போன்றவற்றை எண்களுக்குரிய இடத்தில் நான்கு நான்கு எழுத்தாகத் திணித்து வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது எழுத்துக்கென்றே தனி வகை வந்துவிட்டது.

என்ன மாறுகிறது என்று எல்லாப் பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை எழுதும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. தடித்த கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு வாரம் படித்து, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து நான்கு பக்கம் விநியோகித்தேன். மூன்று பக்கம் புதிய வசதிகள். எடுத்துக்காட்டுகள் எல்லாம் அழகாகப் போட்டிருந்தேன். நான்காம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை. நல்ல பெயர் கிடைத்தது. மேனேஜர் தன் மேலதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்பினார்.

அந்த நான்காம் பக்கத்தில் ஒரு மாறுதலை நான் சேர்க்கவில்லை. மறந்துபோகவில்லை. யோசித்து, வேண்டாம் என்று விட்டேன்.

அது இதுதான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஃபோர்ட்ரானில் 'டூ' என்ற கட்டளை உண்டு. '1 முதல் 5 வரை செய்' என்றால் ஐந்து தடவை செய்யும். '1 முதல் 0 வரை செய்' என்றால்? ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை எப்படி எண்ணுவது? பழைய கம்பைலர்கள் பெரும்பாலும் வேலையை ஒரு தடவை செய்து முடித்த பிறகுதான் போதுமா என்று பார்க்கும். ஆகவே ஒரு தடவை செய்துவிடும். ஃபோர்ட்ரான் 77 எத்தனை தடவை என்று முதலிலேயே கணக்குப் போடும். பூஜ்யம் என்று வந்தால் ஒரு தடவைகூடச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

நான் ஏன் விட்டேன்? 1966 தரநிலையின்படி தொடக்க எண், இறுதி எண்ணைவிடப் பெரிதாக இருக்கவே கூடாது. '1 முதல் 0 வரை' என்று வருவதே விதிமீறல். விதிப்படி எழுதிய எந்தப் புரோகிராமுக்கும் இந்த மாறுதலால் பாதிப்பு கிடையாது. விதியை மீறினவனுக்கு நான் எதற்குக் குறிப்பு எழுத வேண்டும்? என் வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. இப்போது யோசித்தாலும் இல்லை.

எங்கள் எஸ்டிமேட் பிரிவில் ஒரு புரோகிராம் இருந்தது. ஒரு மெஷின் செய்ய எவ்வளவு எடை இரும்பு வேண்டும் என்று கூட்டிச் சொல்லும். ஒரு பாகத்துக்கு ஓர் அட்டை. அதில் அந்தப் பாகத்தின் துண்டுகளுடைய எடைகள், அதிகபட்சம் ஐந்து. எத்தனை துண்டு என்பதற்கு ஒரு பத்தி. மூன்று துண்டு என்றால் 3 என்று துளை போட வேண்டும். '1 முதல் அந்த எண் வரை' எடைகளைப் புரோகிராம் கூட்டிக்கொள்ளும்.

துளை போட்டுக் கொடுத்தவர் ஓர் அம்மா. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். அவர் ஒரே துண்டாக உள்ள பாகத்துக்கு அந்தப் பத்தியைக் காலியாக விட்டுவிடுவார். ஒன்று என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? நாமும் கடைக்குப் போய் "சோப்பு குடுங்க" என்றால் ஒரு சோப்புதானே? ஃபோர்ட்ரான் காலி இடத்தைப் பூஜ்யம் என்று படிக்கும். '1 முதல் 0 வரை.' பழைய மெஷின் ஒரு தடவை கூட்டிவிடும். சரியான விடை. 1973-இலிருந்து பதினொரு வருடம், சரியான விடை.

புது மெஷினில் அந்தப் பாகங்கள் கணக்கிலேயே வரவில்லை. புரோகிராம் நிற்கவில்லை, தவறு என்று எதுவும் சொல்லவில்லை. இன்னொரு ஆபரேட்டர் 1 என்று போடும் வழக்கம் உள்ளவர் என்பதால் அவர் கொடுத்த பாகங்கள் எல்லாம் சேர்ந்தன. ஆகவே மொத்த எடை பார்த்தவுடன் சந்தேகம் வரும் அளவுக்குக் குறையவில்லை. ஒரு மெஷினில் ஒரே துண்டாக இருப்பவை எவை என்று யோசித்துப் பாருங்கள். திருகு, வளையம் எல்லாம் பலவாக இருக்கும். ஒன்றே ஒன்றாக இருப்பது பெரிய வார்ப்படங்கள். விலைப்புள்ளி ஒன்று குறைந்த விலையில் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. பிறகு வரைபடப் பிரிவில் ஒருவர் பார்த்துக் கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டுத் திருத்திய விலை அனுப்பினார்கள். நல்ல வேளை, பழைய வாடிக்கையாளர்; ஏற்றுக்கொண்டார்.

யார் தவறு என்று தேடினார்கள். மூல அட்டைகளைப் பார்த்தால் எண்ணிக்கைப் பத்தி காலி. படிவத்தில் எழுதியபடி நிரப்பவில்லை என்று அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள்.

அந்த மெமோவோடு என் மேஜைக்கு வந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "சார், பதினோரு வருஷமா நான் இப்படித்தான் விட்டுட்டு வர்றேன். ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்ல. நான் எதையும் மாத்தல. அப்ப வேற யாரோ எதையோ மாத்தியிருக்கணும் இல்லையா? அது என்னன்னு மட்டும் சொல்லுங்க, விளக்கத்துல எழுதணும்" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையேட்டைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் படித்த எனக்குத் தெரிந்திருந்த விஷயம். கம்ப்யூட்டர் படிப்பே இல்லாத அவர் இரண்டே வாக்கியத்தில் வந்து சேர்ந்திருந்தார்.

அன்று மாலையே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். மொழி மாறியதுதான் காரணம், சுற்றறிக்கையில் நான் சேர்க்கவில்லை என்றேன். அவர் நல்ல மனிதர். "விதிப்படி காலியா விடக்கூடாதுதானே? படிவத்துல எண் போடணும்னு இருக்கே. இப்ப நீ போய் உன் தப்புன்னு எழுதிக் குடுத்தா புது மெஷின் மேலயே எல்லாருக்கும் சந்தேகம் வரும். மெமோவை ஒரு வார்னிங்கோட முடிச்சுடறேன், நீ திருத்தின சுற்றறிக்கை போடு" என்றார். நான் சரி என்றேன். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். எழுத்தில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்த வார்னிங் அவருடைய பெர்சனல் ஃபைலில் அவர் ரிட்டயர் ஆகும் வரை இருந்தது.

திருத்திய சுற்றறிக்கையை எழுதும்போது அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். 'டூ கட்டளையின் சுற்று எண்ணிக்கை தொடக்கத்திலேயே கணிக்கப்படுவதால்' என்று ஆரம்பித்திருந்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"தம்பி, இதுல நான் என்ன செய்யணும்னு எங்க இருக்கு?"

"கடைசிப் பாராவுல இருக்கு, அக்கா."

"அதை முதல்ல போடுங்க. 'ஒண்ணுன்னாலும் 1 போடவும், காலியா விடக்கூடாது.' ஏன்னு அப்புறமா எழுதுங்க. படிக்கிறவங்க படிக்கட்டும்."

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை எத்தனையோ மாறுதல் குறிப்புகள் எழுதினேன். எல்லாவற்றிலும் அதே முறைதான். யாருக்குப் பாதிப்பு, அவர் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் விடை எப்படித் தவறும், பிறகு காரணம், கடைசியில் புதிய வசதிகள். வசதிகளை யாரும் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். இன்னொரு பழக்கமும் வந்தது. குறிப்பை எழுதுவதற்கு முன், அந்தப் புரோகிராமைத் தினமும் தொடுகிறவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து அவர் கை எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். கையேட்டில் இல்லாத பல பழக்கங்கள் அங்கேதான் தெரியவரும்.

பிற்காலத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். நான் தனியாகத் தடுக்கி விழவில்லை. டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஃபோர்ட்ரான் கம்பைலருக்குப் பழைய 66 பொருளிலேயே ஓட்டு என்று சொல்ல ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். 'ஒன்ட்ரிப்', அதாவது ஒரு தடவையாவது ஓடு, என்ற பெயரிலேயே ஒரு தேர்வு வேறு கம்பைலர்களிலும் வந்தது. விதிமீறல்தான், ஆனாலும் உலகம் முழுக்க அக்காக்கள் இருக்கிறார்கள் என்று அந்தக் கம்பைலர் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட் என்ற பொறியாளர் பெயரில் இதற்கு ஒரு விதியே சொல்கிறார்கள். பயன்படுத்துகிறவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களோ இல்லையோ, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது நம்பியிருப்பார்கள் என்பது அதன் சாரம்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றும் உண்டு. பைத்தானில் பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் அகராதி என்ற அமைப்பு இருக்கிறது. எந்த வரிசையில் போட்டோமோ அதே வரிசையில் திரும்ப வரும் என்ற உறுதி முன்பு கிடையாது. 3.6 பதிப்பில் உள்ளமைப்பை மாற்றியபோது தற்செயலாக அந்த வரிசை நின்றது. இது உள்வேலையின் விளைவுதான், இதை நம்ப வேண்டாம் என்று அந்தக் குறிப்பில் எழுதினார்கள். ஆனால் மக்கள் நம்பத்தான் செய்வார்கள். 2018-இல் வந்த 3.7 பதிப்பில், இனி இதுவே மொழியின் விதி என்று அறிவித்துவிட்டார்கள். பழக்கம் சட்டமானது. அந்த வரியைப் படித்தபோது அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன். அவருடைய காலிப் பத்திக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஃபோர்ட்ரான் 77 செய்தது சரியான மாற்றம். பூஜ்யம் என்றால் பூஜ்யம் தடவைதான். பைத்தானின் வகுத்தலும் சரியான மாற்றம். 2024-இல் வந்த 3.13 பதிப்பில் பயனற்றுப்போன 19 பழைய துணைத் தொகுதிகளை ஒரே வீச்சில் எடுத்துவிட்டார்கள். அதுவும் தேவைதான், வீட்டில் பரண் என்று ஒன்று இருந்தால் எப்போதாவது ஒழிக்கத்தான் வேண்டும். அதற்கான திட்டத்தை 2019-லேயே எழுதி வைத்துப் பெயர் பெயராகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள். மாற்றுகிறவருக்கு உரிமை உண்டு. மாற்றியதைச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையதுதான். சொல்லாமல் விட்டால் அந்தச் செலவு காணாமல் போய்விடாது. கடைசியில் உட்கார்ந்திருப்பவரின் பெயரில் மெமோவாகப் போய்ச் சேரும்.

அக்கா ரிட்டயர் ஆன அன்று பிரிவு உபசார விழாவில் நானும் பேசினேன். அவருடைய வேகம், துல்லியம் எல்லாம் சொன்னேன். அந்த மெமோவைப் பற்றிச் சொல்லவில்லை. விழா மேடையில் அதையெல்லாம் பேசுவார்களா என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

ஆகவே நாற்பது வருடம் கழித்து, நான்காம் பக்கத்தில் விட்டுப்போன வரியை இங்கே சேர்க்கிறேன். எண்ணிக்கைப் பத்தியைக் காலியாக விட்டால் பழைய மெஷின் ஒன்று என்று எடுத்துக்கொண்டது. புது மெஷின் எடுத்துக்கொள்ளாது. இது எனக்கு முன்பே தெரியும். அந்த அம்மா எதையும் மாற்றவில்லை.